ஈட்டுக்கு வந்தது

க்ளைவ் யான்ஸ் மேல்வரிசைப் பல்லைக் கட்டிக்கொண்டு
மீதிக் காசுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போனான்.
ரெண்டு கிழமை என்றான்.
ஆறாம் மாதம் மெல்பேர்னில் இருந்து படம் வந்தது:
சோளப்பொத்தியைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.
என் வேலைதான். குறை சொல்ல ஏலாது.

பெட்டிக்குள் சொப்ரானோ சாக்ஸபோன்.
எங்கும் வளையாமல் நேராக.
கீழ்வீட்டுப் பொடியன் நாதஸ்வரமா என்று கேட்டான்.
துறைமுகக் காற்றில் பித்தளை பச்சை பூத்து
மூன்று சாவிகள் ஒட்டிப்போய்க் கிடந்தன.
விற்கத்தான் துடைத்தேன்.
துடைத்தவன் ஏன் வாயில் வைத்தேன் என்று
பெர்னடெட் இன்னமும் கேட்கிறாள்.

மேற்பல்லை ஊன்று, கீழுதட்டை மடி,
கடிக்காதே, தொண்டையைத் திற
என்றான் யூட்டியூபில் ஒரு போலந்துக்காரன்.
வாயைப் பற்றி எனக்குச் சொல்கிறான்!
இருபத்தேழு வருடமாகக் கொட்டாஞ்சேனையின் வாய்களை
பிளாஸ்டரில் வார்த்து
மேசையில் அடுக்கி வைத்திருக்கிறேன்.
யார் இரவில் பல்லை நெரிக்கிறார்,
யார் ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுகிறார், எல்லாம் தெரியும்.
ஆனால் அவை மூச்சு விடாத வாய்கள்.

முதல் சத்தத்துக்கு நிஸ்தார் நானா படியேறி வந்தார்.
"ஹஜ்ஜுக்கு இன்னம் நாலு மாசம் இரிக்கே,
இப்பவே ஆடா?"

அதன்பிறகு அலுமாரிக்குள் தலையை விட்டு ஊதினேன்.
பெர்னடெட்டின் சேலைகள் சத்தத்தைக் குடித்தன.
பூச்சியுருண்டை மணக்க மணக்க
ஒரே சுரம், நீட்டி, நாற்பது எண்ணும்வரை.
முப்பத்தொன்றில் உதடு நடுங்கும்.
முப்பத்திரண்டில் பூனை வெளியேறும்.

கீழ்ப்பல் உதட்டை வெட்டியது.
வேலைமேசையில் உட்கார்ந்து எனக்கென்றே
அக்ரிலிக்கில் ஓர் உறை செய்தேன்,
மயிரிழை பிசகாத உறை.
போட்டு ஊதினால் தகரக் குழாய்ச் சத்தம்.
கழற்றி எறிந்துவிட்டு இரத்தத்தோடு ஊதினேன்.
ரீட் ஒன்று ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
பல் தேய்க்கும் கடதாசியால் பழையதையே சீவிச் சீவி
வெளிச்சம் தெரியும்வரை கொண்டுபோனேன்.

மேலே போகப்போகச் சுருதி ஏறும், இந்தச் சாமானின் குணம் அது.
கோயில் பாடகர் குழுவில் பெர்னடெட்டுக்குப் பத்தொன்பது வருடம்.
போஞ்சிக்காய் நறுக்கியபடி
குசினிக்குள் இருந்து ஒரு சொல்: "கூட."
நான் தாடையைத் தளர்த்துவேன்.
"இப்ப குறைய."
நான் கேட்காத உதவி.
சரியாக வரும்போது ஒன்றும் சொல்லமாட்டாள்,
கத்திச் சத்தம் மட்டும் கேட்கும்.

என் முன்பல் ஒன்றும் நான் செய்ததுதான்.
மேல் சி-யில் மட்டும் அது அதிரும்,
மூக்கெலும்பு வழியாக நெற்றிவரைக்கும்.
அந்த இடத்தைத் தேடித்தான் ஊதினேன் என்று நினைக்கிறேன்.
சொன்னால் விளங்காது, சொல்லவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்று நள்ளிரவு.
துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம்
ஒன்றாகச் சங்கு ஊதின.
கோயில் மணி, பட்டாசு, நாய்கள்.
மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்
முழு மூச்சையும் விட்டேன், சேலைகள் இல்லாமல்.
பெரிய கப்பல் ஒன்று என் சுரத்துக்குச் சற்றுக் கீழே நின்றது.
அதை நோக்கித் தாடையை விட்டுக்கொடுத்துக்கொண்டே போனேன்.
பல் அதிர்ந்தது.
எனக்கே என் சத்தம் கேட்கவில்லை,
பல்லால் மட்டும் தெரிந்தது.
பெர்னடெட் இரண்டு காதையும் பொத்தியிருந்தாள்,
கப்பலுக்கா எனக்கா என்று கேட்கவில்லை.

காலையில் கேக் தட்டோடு கீழே போனேன்.
"ராத்திரி உங்கட சத்தமே இல்லயே,"
நிஸ்தார் நானாவின் முகத்தில் ஒரு நம்பிக்கை,
"விட்டுட்டீங்களா?"

இல்லை என்றேன்.
உதடு வீங்கி, அது
இவ்வை என்று வந்தது.